முதல் ஆசிரியரின் கருத்து

கோயம்புத்தூர்,
20.01.2024

அன்புள்ள தம்பி மாரிராஜுக்கு,

ராஜமணி எழுதுவது. நலமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை, அதனால் அதை விட்டுவிட்டே ஆரம்பிக்கிறேன். போனில் பலமுறை கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம், புரிகிறது. பேனா பிடித்து ஒரு முழுப்பக்கம் எழுதி வெகுகாலம் ஆகிறது. கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்வியின் காரியத்துக்கு வந்தபோது உங்களிடம் பேச முடியவில்லை. பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தீர்கள், ஆனால் அங்கே இல்லை. டெங்கு ஒரு வாரத்தில் இப்படிக் கொண்டுபோகும் என்று யார் நினைத்தோம்.

நானும் விளாத்திகுளத்துக்காரன்தான். நம் பக்கத்துப் பிள்ளை ஒன்று மூலக்கூறு உயிரியலில் பிஎச்.டி. செய்ய என் அறை வாசலில் வந்து நின்ற அன்று, அவள் பேச ஆரம்பித்ததுமே கேட்டேன், "எந்த ஊரு பிள்ள?" என்று. உளுந்தில் வறட்சியைத் தாங்க வைக்கும் ஒரு மரபணுவைத் தேடிப் போனாள். கண்டுபிடித்தாள். உங்கள் தகப்பனாரின் கரிசல் காட்டிலேயே விதைத்துக் காட்டினாள். அந்தக் கட்டுரையை எழுதியது நாங்கள் இருவர்தான்; அவள் முதல் ஆசிரியர், நான் மூத்த ஆசிரியராகக் கடைசியில். எங்கள் உலகத்தில் ஒரு கட்டுரையின் மதிப்பு, எத்தனை பேர் தங்கள் கட்டுரையில் அதை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது. செல்வியின் கட்டுரையை நானூறு பேருக்கு மேல் மேற்கோள் காட்டிவிட்டார்கள். கென்யாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அவள் மரபணுவை வைத்து வேலை நடக்கிறது. முப்பத்தொரு வயதுக்குள் இது எளிதில்லை, தம்பி.

ஜூலையில் எங்கள் நிறுவனத்தில் ஒரு கருத்தரங்கு. அதில் அவள் பெயரில் ஆண்டுதோறும் ஒரு நினைவுச் சொற்பொழிவு தொடங்கப்போகிறோம். அவளுடைய நல்ல படம் ஒன்று வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

என்றும் அன்புடன்,
ராஜமணி


கோவில்பட்டி,
11.02.2024

அன்புள்ள சாருக்கு,

கடிதம் கிடைத்தது. படம் அனுப்பியிருக்கிறேன். அவள் தனியாக நிற்கும் நல்ல படம் வீட்டில் இல்லை. கல்யாணப் படத்தில் என்னை வெட்டி எடுத்துவிட்டேன். தோளில் ஒரு கை தெரியும், அது என் கை. அச்சுக்குக் கொடுக்கும்போது அதையும் எடுத்துவிடலாம்.

வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். தீப்பெட்டி ஆபீசில் புது மெஷின் வந்திருக்கிறது. குச்சி ஒன்று சாய்ந்து வந்தால்கூட சென்சார் பிடித்து நிறுத்திவிடும். நான் போய்ச் சரிசெய்து மறுபடி ஓட்டுவேன். யாராவது ஏதாவது கேட்டால் மெஷினைப் பற்றித்தான் சொல்லுகிறேன். அதற்குத்தான் எனக்குப் பதில் தெரிகிறது. அம்மா சோறு போட்டு வைக்கிறாள். சாப்பிட்டேனா என்று தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நானூறு என்ற இடத்தில் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். எங்கள் ஊர் பசுவந்தனை டீக்கடையில் இப்போது எல்லோருக்கும் அந்த நானூறு தெரியும்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கட்டுரை தப்பு என்று போன ஆடி மாதம் அவள் உங்களிடம் வந்து சொன்னாள் அல்லவா. திருத்தம் அனுப்ப வேண்டும் என்றாள். அது என்ன ஆயிற்று?

இப்படிக்கு,
மாரிராஜ்


கோயம்புத்தூர்,
03.03.2024

அன்புள்ள மாரிராஜ்,

படம் அருமையாக இருக்கிறது. கையை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கேட்டதற்கு மறைக்காமல் சொல்லுகிறேன். செல்வி கடைசி வருஷத்தில் பழைய இலைகளை எடுத்து, செடி செடியாக மறுபடி சோதித்தாள். காட்டில் காயாமல் நின்ற செடிகளில் பாதிக்கு மேல் அந்த மரபணுவே இல்லை என்று வந்தது. அவள் விதைத்த ரகமே இல்லையாம் அவை. அவள் பயந்துபோனாள். நான் சமாதானம் சொன்னேன். விதைப் பாக்கெட் எங்கேயாவது மாறியிருக்கலாம், இலையில் சீட்டு ஒட்டும்போது மாறியிருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் இது நடப்பதுதான். இன்னும் இரண்டு பருவம் விதைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றேன். அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது.

இப்போது யோசியுங்கள். திருத்தம் என்றால் காரணம் எழுத வேண்டும். என்ன எழுதுவது? முதல் ஆசிரியர் கவனக்குறைவாகப் பாக்கெட்டை மாற்றிவிட்டார் என்றா? எதிர்த்துப் பதில் சொல்ல அவள் இல்லை. போன பிள்ளையின் மேல் அப்படி ஒரு கறையை வைக்க என் கை வராது. உங்களுக்கு வருமா?

அதை மறந்துவிடுங்கள். அவள் பெயர் நிற்கட்டும்.

அன்புடன்,
ராஜமணி


கோவில்பட்டி,
14.04.2024

சாருக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று வருஷப்பிறப்பு, ஆபீஸ் லீவு. வேறு வேலை இல்லை.

அவள் உங்கள் அறைக்குள் பேசிக்கொண்டிருந்த அன்று நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தவள் நேராகக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள். பஸ் பாதி வழி தாண்டிவிட்டது. பிறகுதான் சொன்னாள், "பாக்கெட்ட மாத்துனது நாந்தானாம். அவிய சொல்லுதாவ." நான் கேட்டேன், மாற்றினாயா என்று. நான் இன்ஜினியரிங் படித்தவன். கோளாறு என்றால் எங்கே என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். வேறு என்னவாவது கேட்டிருக்கலாம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மாத்துனதா ஞாபகம் இல்ல. ஆனா மாறியிருக்கே" என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் அவள் எதையும் கைதவறாமல் வைத்தாள். உப்பு டப்பாவையும் சீனி டப்பாவையும் திறந்து பார்த்துத் திறந்து பார்த்து மூடுவாள். அம்மா கேலி பண்ணினாள், மருமகளுக்குக் கண்ணு மங்கிப்போச்சா என்று. மங்கவில்லை. தன் கையின் மேல் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது.

காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். என் பேரு கெட்டா கெடட்டும், இத நம்பி நாலு பேரு வெதைக்கக் கூடாது என்றாள். உங்களுக்குப் போன் செய்தும் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

கறை வேண்டாம் என்கிறீர்கள். கறையோடு இருக்க அவள் சம்மதித்துவிட்டாள். நீங்கள்தான் சம்மதிக்கவில்லை.

திருத்தத்தை அனுப்புங்கள். அதற்கு முன்னால் அவள் பெயரில் எந்த விழாவுக்கும் நாங்கள் வரமாட்டோம்.

மாரிராஜ்


கோயம்புத்தூர்,
09.06.2024

அன்புள்ள தம்பி மாரிராஜ்,

உங்கள் கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. நீங்கள் சொல்வது சரி. கருத்தரங்கு முடிந்ததும் முதல் வேலையாகத் திருத்தத்தை அனுப்பிவிடுகிறேன். இது என் வாக்கு. முன்னால் அனுப்பினால் வெளிநாட்டு விருந்தினர் வருவதே நின்றுவிடும். என்னிடம் இருக்கும் பிள்ளைகள் நாலு பேர் அவர்கள் தரும் நிதியில்தான் ஆராய்ச்சி செய்கிறார்கள். ஒரு மாதம் பொறுங்கள்.

உங்கள் தகப்பனாரிடம் போனில் பேசினேன், கோபிக்க வேண்டாம். அண்ணாச்சி என்று கூப்பிட்டதும் எவ்வளவு பிரியமாகப் பேசினார். மேடையில் அவருக்குத்தான் பொன்னாடை. அந்தக் காடு இல்லாமல் இந்த ஆராய்ச்சியே இல்லை. இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறேன். விருந்தினருக்கு நானே மொழிபெயர்த்துவிடுவேன்.

இன்னொரு செய்தி. ஒரு விதைக் கம்பெனி அந்த உளுந்தை வரும் புரட்டாசிக்கே கடைக்குக் கொண்டுவரப் பேசிக்கொண்டிருக்கிறது. ரகத்துக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். 'செல்வி' என்று சொன்னேன்.

வாருங்கள், தம்பி.

ராஜமணி


கோவில்பட்டி,
28.07.2024

சாருக்கு,

அப்பா ஆசைப்பட்டார், வந்தோம். உங்கள் வாக்கையும் நம்பினேன்.

மேடையில் அப்பா பேசியதை நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டீர்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்து போனில் பிடித்து வைத்திருக்கிறேன். அம்மாவிடம் போட்டுக் காட்டத்தான் பிடித்தேன். அப்பா சொன்னது இது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் வன்னியபெருமாள். படிக்காதவன். எங்க மருமக வெதைச்சிட்டு இங்கன வந்துருவா. திரும்பி வர ரெண்டு வாரம் ஆவும். அவ கொண்டுவந்த வெதை எங்க மண்ணுல சரியா மொளைக்கல. பக்கத்துல கவர்மெண்டு வெதை நல்லா மொளைச்சு நிக்கி, இவ வெதைச்ச பாத்தி சொட்ட சொட்டயா கெடக்கு. வீட்டுக்கு வந்த பிள்ள மொத வெதைப்பு சொட்ட விழுந்தா ஊர்ல என்ன சொல்லுவான்? கைராசி இல்லாதவம்பான். அதாம் ஈரம் காயிறதுக்குள்ள நான் போயி, எங்க வீட்டு உளுந்த எடுத்து, சொட்ட விழுந்த எடமெல்லாம் ஊனி விட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. மூணு வருசமும் அப்படித்தாம். அவ வந்து பாக்கையில பாத்தி நெறஞ்சு நிக்கும். சிரிச்சுக்கிட்டே எண்ணி எண்ணி எழுதுவா. இப்ப இத்தன பேரு அவளப் பாராட்டுதீங்க. எங்க மருமக கைராசிக்காரிதாம்."

தமிழ் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. உங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளோடு வேலை பார்த்த பொன்மணி தலையைக் குனிந்துகொண்டது. பாத்தியில் காயாமல் நின்றது எங்கள் வீட்டு உளுந்து. அவள் பாக்கெட்டை மாற்றவில்லை. இது எனக்கே அந்த நிமிஷம்தான் தெரியும். உங்களுக்கும் அந்த நிமிஷம்தான் தெரிந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

நீங்கள் மைக்கை வாங்கி மொழிபெயர்த்தீர்கள். மருமகள் ஊரில் இல்லாத நேரத்தில் அவளுடைய வயலைத் தன் பிள்ளையைப் போல இந்தப் பெரியவர் பார்த்துக்கொண்டார் என்று இங்கிலீஷில் சொன்னீர்கள். அவ்வளவுதான். வெள்ளைக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். அப்பாவும் கும்பிட்டார்.

பஸ்ஸில் வரும்போது அப்பா கேட்டார், "ஏலே, நான் பேசுனது சரியா இருந்துச்சா?" என்று. சரியாக இருந்தது என்றேன்.

உங்கள் திருத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. ஒரு நாள் அப்பாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் எப்படி ஓடுகிறது என்று புது ஆளுக்குச் சொல்வது போலத்தான் சொன்னேன், எனக்கு வேறு விதமாகச் சொல்ல வரவில்லை. புரிய வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும், "அந்தப் பிள்ள எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா" என்றார். அவ உங்ககிட்ட நேருக்கு நேரா என்னைக்குப்பா பேசியிருக்கா என்றேன். எங்கள் வீட்டில் மாமனார் திண்ணையில் இருக்கும்போது மருமகள் அந்தப் பக்கம் வரமாட்டாள். உங்களுக்கும் தெரிந்த வழக்கம்தானே, சார். ஒரே வீட்டுக்குள் ஒருவர் கோளாறைத் தேடிக்கொண்டிருந்தார், இன்னொருவர் பதிலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். நடுவில் நான் இருந்தேன். எனக்கும் அப்பாவிடம் கேட்கத் தோன்றவில்லை.

அப்பா அதற்குப் பிறகு காட்டுக்குப் போகவில்லை. சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். நேற்று என்னைக் கூப்பிட்டார். "எழுதுலே. எம்பேரப் போட்டே எழுது. ஊனுனது நாந்தாம்னு எழுது. அவ ஒண்ணையும் மாத்தலன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். கட்டுரை வந்த ஆய்வுப் பத்திரிகைக்கு, அப்பாவின் வாக்குமூலத்தோடும் அந்த ஒலிப்பதிவோடும். பொன்னாடையையும் கேடயத்தையும் பார்சலில் அனுப்புகிறேன்.

மாரிராஜ்


கோயம்புத்தூர்,
19.08.2024

மாரிராஜ்,

பத்திரிகையிலிருந்து எனக்குக் கேள்வி வந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்பியிருக்கலாம்.

நான் மறைக்கவில்லை. மேடையில் சுருக்கிச் சொன்னேன், எல்லோரும் செய்வதுதான். ஒரு பெரியவர் ஞாபகத்திலிருந்து ஏதோ சொல்கிறார். எந்தப் பாத்தி, எத்தனை செடி, எந்த வருஷம், ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. அதை வைத்து ஒரு கட்டுரையைச் சாய்க்க முடியாது என்று பதில் எழுதியிருக்கிறேன். நான் ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷ வேலையில் என்னை உலகத்துக்குத் தெரிந்தது இந்த ஒரு கட்டுரையால்தான். இதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லுகிறேன்.

செல்வி எனக்குப் பிள்ளை மாதிரி. நீங்கள் அவளுக்கு நல்லது செய்வதாக நினைக்கிறீர்கள். அவள் விட்டுப்போனது இந்த ஒன்றுதான். இதையும் எடுத்துவிட்டால் அவள் இருந்ததற்கு என்ன அடையாளம்?

உங்கள் புகாரைத் திரும்பப் பெறுங்கள். கையெடுத்துக் கேட்கிறேன்.

ராஜமணி


கோவில்பட்டி,
23.02.2025

பேராசிரியர் ராஜமணி அவர்களுக்கு,

அடையாளம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். சொல்லுகிறேன்.

விளாத்திகுளம் கடையில் புரட்டாசியில் அந்த விதை வந்துவிட்டது. பாக்கெட்டில் பச்சை எழுத்தில் 'செல்வி' என்று போட்டிருந்தது. கீழே வறட்சி தாங்கும் என்று. பசுவந்தனையில் பாதிப் பேர் அதைத்தான் வாங்கினார்கள், எங்கள் வீட்டை நம்பி. வேண்டாம் என்று அப்பா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். தன் மருமகள் விதையைத் தானே வேண்டாம் என்கிறவரை யார் நம்புவார்கள். மகன் மறு கல்யாணத்துக்குப் பார்க்கிறான் போல என்று பேசினார்கள். கார்த்திகையோடு மழை நின்றது. மார்கழியில் பிஞ்சோடு எல்லாம் கருகிவிட்டது. பிடுங்கி மாட்டுக்குப் போட்டார்கள். கடற்கரைச் சித்தப்பா, அப்பாவின் பங்காளி, வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "செல்வி காஞ்சிட்டா அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் விதையைத்தான் சொன்னார். எனக்கு அவள் செத்தது அப்போதுதான் தெரிந்தது. அதுவரைக்கும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் அழுதேன். அம்மா கதவைச் சாத்திவிட்டாள்.

போன வாரம் பத்திரிகைக்காரர்கள் முடிவை வெளியிட்டார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். உறைந்து கிடந்த இலைகளைப் பொன்மணியே மறுபடி சோதித்து அனுப்பியிருக்கிறது. அதற்காக நீங்கள் அந்தப் பிள்ளையை ஆய்வுக்கூடத்தை விட்டே வெளியே அனுப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. காரணம் என்ற இடத்தில், விதைத்த பாத்திகளில் உள்ளூர் ரகம் ஊன்றப்பட்டிருந்தது, ஆய்வாளர்கள் அதை அறியவில்லை என்று இருக்கிறது. அவள் கை மேல் தப்பில்லை என்று இப்போது உலகம் முழுவதுக்கும் தெரியும். அது போதும் என்று நினைத்துத்தான் கடைசி வரை வாசித்தேன்.

கடைசியில் இப்படி இருக்கிறது. "மூத்த ஆசிரியர் இம்முடிவை ஏற்கவில்லை. முதல் ஆசிரியர் காலமாகிவிட்டதால் அவருடைய கருத்தை அறிய இயலவில்லை."

நான் அவர்களுக்கு எழுதினேன். அவளுக்குக் கருத்து இருந்தது, இதை முதலில் கேட்டவளே அவள்தான் என்று. கணவர் சொல்வதையும் அவரிடம் இருக்கும் தனிக் கடிதங்களையும் வைத்து எழுத முடியாது, கூட எழுதிய ஆசிரியர் யாராவது உறுதி செய்தால் சேர்க்கிறோம் என்று பதில் வந்தது. கூட எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். உங்களிடம் கேட்டார்களாம். அப்படி ஒரு பேச்சு நடந்ததாக நினைவில்லை என்று எழுதிவிட்டீர்களாம்.

கட்டுரை உங்களுடையதும்தான், அதற்காகச் சண்டை போட்டீர்கள், புரிந்துகொள்ள முடிகிறது. இந்த ஒரு வரியால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டார்கள்.

அவள் கருத்தை உங்கள் அறையில் சொன்னாள். கதவு சாத்தியிருந்தது. கேட்டவர் நீங்கள் மட்டும்தான்.

மாரிராஜ்